கரையிறங்கிய சாமான்கள் – 17: கல்லுக்குள் ஒரு சிமிட்டா

சென்ற வாரம் கேரட்டில் நிறுத்தியிருந்தோம். பிரான்சில் புகையிலைக் கடை வாசலில் தொங்குகிற சிவப்பு அடையாளத்துக்கு இன்றைக்கும் கேரட் என்றுதான் பெயர். இறுக்கிச் சுருட்டிக் கட்டிய புகையிலை அந்த வடிவத்தில் இருந்ததால் வந்த பெயர் அது. 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் அதைத் துருவிப் பொடியாக்கி மூக்கில் ஏற்றிக்கொண்டார். அங்கே புகையிலை விற்கும் தனியுரிமை 1723-இல் பிரெஞ்சு இந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது. கம்பெனி 1730-இல் அதை வரிக் குத்தகைக்காரர்களிடம் விட்டுவிட்டு, ஆண்டுக்கு 75 லட்சம் லிவர், பிறகு 80 லட்சம் லிவர் என்று உட்கார்ந்த இடத்தில் வாங்கிக்கொண்டது. ஒன்பது வருஷம் கழித்து, 1739 பிப்ரவரியில், காரைக்கால் அதே கம்பெனியின் கைக்கு வந்தது. பாரிஸ்காரர்கள் தும்மிய காசு நம் ஊர்க் கணக்கிலும் கலந்திருந்தது என்று எழுதியிருந்தேன். அந்தப் பொடி கிழக்கே சீனாவுக்குப் போய் என்ன ஆயிற்று என்பது இந்த வாரம்.

அதற்கு முன் தலத்தெருவுக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. எங்கள் தாத்தா அங்கே சிவலோகநாதர் கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் பொடி போடுவார். உள்ளே மட்டும் போடமாட்டார். அதில் கறாராக இருந்தார். அவருடைய பொடி இருந்தது வாழைப்பட்டை மட்டையில். காய்ந்த பட்டையை விரல் நீளத்துக்கு மடித்து, வாழைநாரால் கட்டிய பொட்டலம். வேட்டி மடிப்பிலிருந்து அதை எடுத்து, நாரைத் தளர்த்தி, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சிமிட்டா எடுத்து, இரண்டு மூக்கிலும் பங்கு வைத்து இழுப்பார். பிறகு துண்டு. அந்தத் துண்டை மட்டும் பாட்டி தொடமாட்டாள்.

வெள்ளியில் ஒரு பொடி டப்பியும் வீட்டில் இருந்தது. யாரோ கொடுத்தது. அது அலமாரியைவிட்டு இறங்கியதில்லை.

“டப்பி இருக்கறப்ப எதுக்குத் தாத்தா மட்டை?”

“டப்பியில போட்டா நமுத்துப் போயிடும் தம்பி. மூடி இடுக்குல ஈரம் ஏறும். அப்புறம் அது பொடி இல்ல, களி.”

ஐப்பசி அடைமழையில் கடல் பக்கத்து ஊரில் எது நமுக்காது? அப்பளம், உப்பு, தீப்பெட்டி எல்லாம் நமுக்கும். நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த பொடி இன்னும் சீக்கிரம் நமுக்கும். மட்டையில் ஒரு வாரத்துக்கு மேல் தங்காத அளவு வாங்கி, தீர்ந்ததும் மட்டையோடு வீசிவிட்டு அடுத்ததை வாங்குவதுதான் எங்கள் பக்கத்து வழி. இதே நமுத்தல் சங்கடம் பீக்கிங் அரண்மனையிலும் வந்தது. அவர்கள் கண்ட வழி வேறு. அதற்குக் கொஞ்சம் செலவு ஆனது.

சீனாவுக்குப் பொடியைக் கொண்டுபோனவர்கள் போர்த்துகீசியரும் ஏசு சபைப் பாதிரிமார்களும். காங்ஷி சக்கரவர்த்தி 1684-இல் தெற்கே சுற்றுப்பயணம் வந்தபோது நான்ஜிங்கில் பாதிரிமார்கள் காணிக்கைத் தட்டு நீட்டினார்கள். மற்றதை எல்லாம் மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொடியை மட்டும் வைத்துக்கொண்டார் என்பது அந்தக் காலத்துப் பதிவு. சீனர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பீயென்’, அதாவது மூக்குப் புகை. புகையே இல்லாத சமாசாரத்துக்குப் புகை என்று பேர் வைத்திருக்கிறார்களே என்று தோன்றும். புகையிலை என்ற நம் சொல்லும் லேசுப்பட்டதல்ல. வாயில் அடக்கிக்கொள்கிறவருக்கும் அது புகையிலைதான்.

ஐரோப்பாவில் பொடிக்குப் பெட்டி. கீல் வைத்த, தட்டையான, தங்கமும் மினாவும் போட்ட பெட்டி; கோட்டுப் பையில் கிடக்கும். சீன அங்கியில் பை கிடையாது. இடுப்புக் கச்சையில் தொங்கவிடலாம், அகன்ற சட்டைக் கைக்குள் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். கீல் பெட்டியைச் சட்டைக் கைக்குள் போட்டால் பாதிப் பொடி துணிக்குப் போகும். அதோடு காற்றும் ஈரமும். ஆனால் மருந்துப் பொடி வைக்கிற சின்னக் குப்பி அவர்களிடம் பல தலைமுறையாகவே இருந்தது. தலைவலிக்கும் ஜலதோஷத்துக்கும் பொடி நல்லது என்று நம்பியவர்கள் அதையும் மருந்துக் குப்பியிலேயே போட்டுக்கொண்டார்கள். வாய் குறுகல், அதற்குத் தக்கை வைத்த மூடி, மூடியின் அடியில் குப்பியின் அடிவரை நீளும் ஈர்க்குச்சி போன்ற கரண்டி. யானைத் தந்தத்திலோ மூங்கிலிலோ செய்த அந்தக் கரண்டியால் ஒரு சிட்டிகை அள்ளிக் கட்டைவிரல் நகத்திலோ ஒரு குட்டித் தட்டிலோ வைத்து இழுப்பார்கள். குப்பியின் மொத்த உயரம் 5 முதல் 8 சென்டிமீட்டர். கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

முதலில் கண்ணாடியில்தான் அதிகம் செய்தார்கள். காங்ஷியின் உத்தரவில் 1696-இல் அரண்மனைக்குக் கண்ணாடிப் பட்டறை அமைத்துக் கொடுத்தவர் கிலியான் ஷ்டும்ஃப் என்ற ஜெர்மன் பாதிரியார். கண்ணாடி, பீங்கான், மினா எல்லாவற்றிலும் குப்பிகள் வந்தன. அவற்றின் கதை பெரியது. அதை விட்டுவிட்டு நான் கல்லுக்கு வருகிறேன். கண்ணாடியை ஊதலாம், பீங்கானை வனையலாம். கல்லை என்ன செய்வது?

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் சியென்லோங் சக்கரவர்த்தியின் படைகள் மேற்கே இன்றைய சின்ஜியாங்கைப் பிடித்தன. கோட்டான் ஆற்றுப் படுகை ஜேடு அதன்பின் கப்பமாகவே தலைநகருக்கு வந்து குவிந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் பர்மாவிலிருந்து பச்சை ஜேடு. இவை தவிர அகேட், படிகம், பேரோசாக் கல், மாலகைட், லாபிஸ் என்று வண்ணக்கல் எதையும் விடவில்லை. சூச்சௌ நகரத்தில் ஜுவான்ஜு சந்து என்று ஒரு சந்து; அங்கே ஜேடுக்காரர்கள் பட்டறைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தார்கள். அந்த ஊர்க் குப்பிகளில் கல்லின் மேல்தோல் பழுப்பைப் பாறையாகவும் மரமாகவும் ஆளாகவும் செதுக்கி, அடியில் உள்ள வெளிர் நிறத்தை ஆகாயமாக விட்டிருப்பார்கள்.

செதுக்கல் கண்ணில் படுகிற வேலை என்பதால் அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தக் குப்பியில் பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. உள்ளே.

ஜேடை உளி வைத்துச் செதுக்க முடியாது. சாதாரண இரும்புக் கத்தி அதன்மேல் வழுக்கும். அதைவிடக் கடினமான மணலைத் தண்ணீரில் குழைத்து, சுழல்கிற இரும்புத் தட்டின் ஓரத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால் மணல் கல்லைத் தின்னும். இரும்பு மணலை ஓட்டுவதோடு சரி. சீனப் பட்டறைகளில் இந்த மணலுக்குத் தரவரிசை உண்டு. மஞ்சள் மணல் என்பது குவார்ட்ஸ், சிவப்பு மணல் என்பது கார்னெட், எல்லாவற்றுக்கும் மேலே கருமணல், அதாவது குருந்தக்கல். வைரத்துக்கு அடுத்த கடினம் இதற்குத்தான். ஆங்கிலத்தில் இதைக் கொரண்டம் என்கிறார்களே, அது நம் குருந்தத்திலிருந்து போன சொல். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இந்தக் கல் இன்றும் கிடைக்கிறது. உலகத்துக் கல் வேலைக்காரர்கள் எல்லோரும் அந்த மணலைத் தமிழ்ப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதைத் தெரிந்து கூப்பிடுகிறார்களா என்பது வேறு விஷயம்.

பட்டறை என்பது ஒரு மேஜை, ஒரு தொட்டி, காலால் மிதிக்க இரண்டு மிதிபலகை. மிதிபலகையிலிருந்து ஒரு வார் மேலே போய்த் தண்டைச் சுற்றியிருக்கும். இடது கால் மிதித்தால் தண்டு முன்னால் சுழலும், வலது கால் மிதித்தால் பின்னால். பாதி நேரம் சுழற்சி எதிர்த் திசையில். இடது கையில் கல், வலது கையில் மணல் குழம்பு. 1891-இல் லீ செங்யுவான் என்பவர் இந்த வேலையைப் படிப்படியாகப் படம் எழுதி விளக்கம் சொல்லி வைத்தார். மணலை இடித்துச் சலிப்பதில் தொடங்கி மெருகேற்றுவது வரை போகிற அந்த வரிசையில் ஒரு படம் குடைவதற்கே ஒதுக்கப்பட்டது.

குடைவது இப்படி. முதலில் எஃகுக் குழாய் ஒன்றைச் சுழற்றிக் கல்லுக்குள் இறக்குவார்கள். குழாய் வட்டமாக அறுத்துக்கொண்டு போகும். நடுவில் ஒரு கல்தூண் நிற்கும். அதைச் சின்னச் சுத்தியால் ஒரே தட்டாகத் தட்டி உடைத்து எடுக்க வேண்டும். அந்தத் தட்டு கொஞ்சம் பிசகினால் அதுவரை செய்த வேலை போயிற்று. இப்போது குப்பிக்குள் ஒரு நேர்க்குழி இருக்கிறது, அவ்வளவுதான். கழுத்தின் வாய் சுண்டுவிரல்கூட நுழையாத அளவு. தோள் பக்கமும் வயிற்றுப் பக்கமும் கல் அப்படியே கிடக்கிறது. அடுத்து வளைந்த முனையுள்ள தட்டையான இரும்பு. அதைக் கழுத்து வழியே விட்டு, தண்ணீரும் பொடிமணலும் ஊற்றி, உள்சுவரைத் தேய்த்துத் தேய்த்து வெளி வடிவத்துக்கு இணையாக உள் வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். கண்ணால் பார்க்க வழியில்லை. சுவர் எங்கே மெலிந்துவிட்டது, எங்கே தடித்திருக்கிறது என்பது காதில் விழும் சத்தத்திலும் விரலில் படும் அதிர்விலும் தெரிந்தால்தான் உண்டு. நம் பக்கத்தில் கொடுமணலிலும் அரிக்கமேட்டிலும் சூதுபவள மணிகளுக்கு மயிரிழைத் துளை போட்டவர்களின் திறமை எனக்கு எப்போதும் பிரமிப்புத் தரும். அங்கே துளை நேராகப் போய் வெளியே வந்துவிடும். இங்கே துளை உள்ளே போய்த் திரும்ப வேண்டும்.

நன்றாகக் குடைந்த அகேட் குப்பியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். நம்பமுடியாமல் நானும் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். அகேட், தண்ணீரைப்போல 2.6 மடங்கு கனம். அது மிதக்க வேண்டுமானால் குப்பியின் மொத்தப் பருமனில் நூற்றுக்கு 62 பங்கு வெற்றிடமாக இருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் குப்பியில் அத்தனையும் ஒரு பென்சில் அளவுத் துவாரத்தின் வழியே மணலாக வெளியே வந்திருக்கிறது. பொடி வைக்க இவ்வளவு தேவையா என்றால் தேவையில்லைதான். சுவர் தடியாக இருந்தாலும் பொடி நமுக்காது. ஆனால் மெல்லிய சுவரில் அகேட்டின் வரி ஒளி பட்டுத் தெரியும்; சட்டைக் கைக்குள் கனக்காது; வாங்கிப் பார்க்கிற சிநேகிதர் கையில் ஏந்திய மறுகணமே புருவத்தை உயர்த்துவார். இரண்டு பேர் சந்தித்தால் குப்பியை மாற்றிக்கொண்டு ஒரு சிட்டிகை எடுப்பது அங்கே மரியாதை, நமக்கு வெற்றிலைத் தட்டு மாதிரி. ஆக, குப்பி அடிக்கடி அடுத்தவர் கைக்குப் போகிற சாமான்.

சுவர் மெல்லியதாக வேண்டும் என்ற ஆசைக்கு இந்தியாவுக்கும் பங்கு உண்டு. மொகலாய ஜேடு வேலையைச் சீனர்கள் ‘ஹிந்துஸ்தான் ஜேடு’ என்றார்கள். பூவிதழ் போல மெலிந்த கிண்ணங்கள். மேற்கு எல்லை வழியாக அவை சியென்லோங்கின் கைக்கு வந்தபோது மனிதர் கிறங்கிப் போனார். அவற்றைப் பற்றிக் கவிதை கவிதையாக எழுதினார், தன் பட்டறைகளையும் அப்படிச் செய்யச் சொன்னார். அந்த மொகலாய ஜேடை நாம் பார்க்க வேண்டுமானால் ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஜஹாங்கீரின் ஜேடுப் பிடி போட்ட கத்தி அங்கே இருக்கிறது. அதே கட்டடத்தில் சீனச் சாமான்களுக்கும் தனிக் கூடம் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் சிபாரிசு.

தமிழ்நாட்டில் ஏன் யாரும் கல்லில் பொடிக்குப்பி குடையவில்லை? கல் இல்லாமலா? தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்தில் படிகக் கல் சரளையோடு சரளையாகக் கிடைத்தது. வல்லத்துக் கல்லில் மூக்குக்கண்ணாடி தேய்த்துப் போடுவது தஞ்சாவூருக்கே பேர் வாங்கித் தந்த தொழில். கல் இருந்தது, மணல் இருந்தது, தேய்க்கத் தெரிந்த கை இருந்தது. கேட்கிற ஆள்தான் இல்லை. நம் ஊரில் பொடி போடுவது பண்டிதர், கணக்குப்பிள்ளை, வண்டிக்காரர் என்று எல்லோருக்கும் இருந்த பழக்கம். அதை அந்தஸ்தாக யாரும் காட்டிக்கொண்டதில்லை. சொல்லப்போனால் பொடியைத் துண்டின் மறைவில் போடுகிறவர்கள்தான் அதிகம். அண்ணாதுரை முதலமைச்சரான பிறகும் பொடியை விடவில்லை என்பது ஊரறிந்தது. அதனால் பொடி டப்பி ஏதாவது தங்கத்தில் வந்ததா? ஒளித்துப் போடுகிற சாமானுக்கு வாழைமட்டை போதும்.

சீனாவில் நிலைமை தலைகீழ். அரண்மனையில் தொடங்கி அதிகாரிகளுக்குப் பரவி, சக்கரவர்த்தி பரிசாகக் கொடுக்கிற, கீழே உள்ளவர்கள் காணிக்கையாகத் திருப்புகிற பண்டமாகக் குப்பி மாறியது. சியென்லோங்கின் செல்லப்பிள்ளையான ஹோஷென் என்ற மந்திரி 1799-இல், எஜமானர் கண்மூடிய சில நாளிலேயே, கைதானார். அவரிடம் பறிமுதல் ஆனதாகச் சொல்லப்படும் பட்டியலில் பொடிக்குப்பிகள் மட்டுமே 2,000-க்கு மேல். அந்தப் பட்டியலில் மிகைப்படுத்தல் உண்டு என்று சரித்திரக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். பாதியைத் தள்ளினாலும் மிச்சம் ஒரு மனிதருக்கு அதிகம்தான். அவருக்கு இருந்தது ஒரு மூக்கு.

இந்த ஹோஷென்னை நேரில் பார்த்துப் பேசியவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து ஊர்ச் சரித்திரத்தில் வருகிறவர். 1781-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தபோது சென்னையில் கவர்னராக இருந்த மெக்கார்ட்னி பிரபு. 1793-இல் அவர்தான் ஆங்கிலத் தூதராகச் சீனாவுக்குப் போனார். சீனர்கள் பொடி போடுவதைக் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறார். பெரும்பாலும் பிரேசில் பொடி, அதுவும் கொஞ்சமாக, இங்கிலாந்துச் சீமாட்டிகள் அள்ளிப் போடுவது போல இல்லை என்கிறார். சக்கரவர்த்தி அவருக்கு நீண்ட செங்கோல் ஒன்றைப் பரிசளித்தார், சீனர்கள் உயிராய் மதிக்கும் கல்லில் செய்தது. மெக்கார்ட்னிக்கு அது அகேட் போல் வெளுத்த ஏதோ ஒரு கல். பெரிய விலை போகும் என்று தோன்றவில்லை என்று எழுதிவிட்டார். சென்னையில் நாலு வருஷம் இருந்தவருக்கு வைரம் தெரிந்திருந்தது, ஜேடு தெரியவில்லை.

பிறகு நடந்தது சீக்கிரம் சொல்லக்கூடியது. 19-ஆம் நூற்றாண்டில் பழக்கம் பரவியது, குப்பி பெருகியது, கல் வேலையின் தரம் இறங்கியது. சிகரெட் வந்தது. 1912-இல் சிங் அரசு விழுந்தது. வாங்குகிறவர்கள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஆனார்கள். 1968-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் அவர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி இன்றும் நடக்கிறது. பொடி போடாதவர்கள் கூடிப் பொடிக்குப்பியைப் பற்றிப் பேசுகிற சங்கம்.

காரைக்காலுக்குத் திரும்புவோம். 1862-இல் சைகோனும் அதைச் சுற்றிய மாகாணங்களும் பிரான்சிடம் போனபின், பிரெஞ்சுக் குடிகள் என்ற உரிமையோடு காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நம்மவர்கள் அங்கே போனார்கள். குமாஸ்தாவாக, போலீஸாக, வரி வசூலிப்பவராக, காவல்காரராக, துணி வியாபாரியாக. சைகோனை ஒட்டினாற்போல் சோலோன். அது முழுக்கச் சீனர் கடைவீதி. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் சைகோன் நடுவில் இன்றும் இருக்கிறது. அந்தப் போக்குவரத்தும், சைகோன் பெட்டிகளில் என்னென்ன ஊர் வந்து சேர்ந்தது என்பதும் அடுத்த வாரம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். தலத்தெருவிலோ, காரைக்காலிலோ, திருமலைராயன்பட்டினத்திலோ யார் வீட்டிலாவது சைகோன் பெட்டி ஒன்று பரணில் இருந்து, அதற்குள் கட்டைவிரல் பருமனில் கல் குப்பி கிடந்தால், அத்தர் குப்பி என்று நினைத்துக் குழந்தைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். மூடியைத் திருகாமல் மெல்ல மேலே தூக்குங்கள். அடியில் கரண்டி இருந்தால் உடைந்துவிடும். உள்ளே எதையும் விட்டுத் துழாவவோ கழுவவோ வேண்டாம், மிதக்கிறதா என்று தண்ணீரில் விடவும் வேண்டாம். பழைய பொடி ஒட்டியிருந்தால் அதுவும் சாட்சிதான். டார்ச் விளக்கைக் கழுத்தருகே பிடித்து, உள்சுவர் வெளிவடிவத்தோடு சேர்ந்து வளைகிறதா, அல்லது வெறும் நேர்க்குழியா என்று மட்டும் பார்த்து, பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள்.

(தொடரும்)